இரண்டு மீன் குறைகிறது

ஒரு பேப்பருக்குப் பத்து நிமிடம் என்றால் நூற்று நாற்பது பேப்பருக்கு ஆயிரத்து நானூறு நிமிடம், இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலே போகும், என்னிடம் இருப்பதோ இரண்டு மணி நேரம், நாலு மணிக்கு ஆவுடைச்செல்வியின் அம்மா வந்துவிடுவார். கோவில்பட்டியில் இரண்டு மணி பஸ் பிடிப்பதாகச் சொன்னார். அப்படியானால் இப்போதுதான் ஏறியிருப்பார், உட்கார இடம் கிடைத்ததோ என்னவோ, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் நான் ஏன் யோசிக்கிறேன். மேசைமேல் மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. ஆவுடைச்செல்வி என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண், நான்காம் வருடம், இருபத்தேழு வயது, போன மாதம் டெங்குக் காய்ச்சலில் ஆறே நாளில் போய்விட்டாள், அவள் படித்த ஆராய்ச்சிப் பேப்பர்கள் இவை. விலங்கியல் துறைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் அந்த அம்மா போன் செய்தார். "டீச்சர், துணிமணி, புஸ்தகமெல்லாம் ஹாஸ்டல்ல குடுத்துட்டாக. அவ கையெழுத்து இருக்க தாளு ஏதும் உங்ககிட்ட கிடந்தா எனக்கு வேணும். இங்கிலீசுல எழுதுனது வேண்டாம், அது எனக்குத் தெரியாது. தமிழ்ல எழுதுனது இருக்கும்லா?" இருக்கும் என்றேன். இருக்குமா என்று தெரியாமலே சொன்னேன். நாலு வருடம் என்னிடம் இருந்த பெண் எந்த மொழியில் குறிப்பு எழுதுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நிமிடம் என்பது என்னுடைய கணக்கு. இந்த மாவட்டத்தில் எந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பயிலரங்கு நடந்தாலும் எஸ்தர் மேடத்தை, என்னைத்தான், கூப்பிடுவார்கள், எஸ்தர் மேடம் போய் அதையே சொல்லுவாள். தலைப்பைப் பார். சுருக்கத்தைப் படி. படங்களைப் பார். நேராக முடிவுரைக்குப் போ. வேண்டியதா வேண்டாததா என்று அதற்குள் தெரிந்துவிடும். செய்முறைப் பகுதியில் கால் வைக்காதே, அது சேறு, உள்ளே போனால் வெளியே வரமாட்டாய். இந்த இடத்தில் சிரிப்பார்கள். வருடத்துக்கு இத்தனை லட்சம் பேப்பர் வருகிறது, உனக்கு இருப்பது ஒரே ஒரு ஆயுள் என்று முடிப்பேன், கைதட்டுவார்கள். ஒரே ஒரு ஆயுள். இருபத்தேழு வருடம். வேண்டாம், பெட்டியைத் திற. முதல் கட்டு, இறால் செவுள் பற்றியது, ஸ்டேப்ளர் முள் துருப்பிடித்திருக்கிறது, இங்கே எல்லாம் துருப்பிடிக்கும், உப்பளத்துக் காற்று. பென்சில் எழுத்து. தமிழ்தான். ஓரம் முழுக்கத் தமிழ். "இந்த இறால்களை எங்கே பிடித்தார்கள் என்று சொல்லவில்லை." அடுத்த பக்கத்தில், "ஏன் சாப்பாடு வைத்த உடனே எடை போட்டார்கள்? வயிற்றில் இருப்பதும் சேர்ந்து வராதா?" அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் போட்டு, "கூட்டிப் பார்த்தேன், சரி." அடுத்த பேப்பர், அடுத்த அட்டவணை, கூட்டிப் பார்த்தேன், சரி. எல்லா அட்டவணையையுமா கூட்டிப் பார்த்தாள்? அச்சான பேப்பரில் இருக்கும் எண்களை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? ஒரு பேப்பருக்கு நாலு நாள் எடுத்துக்கொள்கிறாள் என்று நான் எல்லோர் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். ஆவுடை பேப்பர் படிக்கவில்லை, பேப்பரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்றேன். அவளும்தான் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு, முன்பல் ஒன்று கொஞ்சம் தெற்றாக இருக்கும், அதை மறைப்பாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறேன், பிரிக்க வேண்டியதே இல்லை, எல்லாவற்றிலும் தமிழ் இருக்கிறது, எல்லாமே அந்த அம்மாவுக்குத்தான். அப்படியானால் கட்டிவைத்துவிட்டுச் சும்மா உட்காரலாம், ஆனால் கை நிற்கவில்லை. "இங்கே ஒரு மீன் நோயில் செத்ததாக அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்." நல்ல மனிதர்களாம். யாரோ நார்வேக்காரர்கள், இவளிடம் நற்சான்று வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆறு நாளில் இரண்டாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போனேன், பத்து நிமிடம் இருந்தேன், ஆமாம், அதுவும் பத்து நிமிடம்தான், வெளியே ஆட்டோவை நிற்கச் சொல்லியிருந்தேன். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தது. "வேலை கெட்டுப்போகுது மேடம்" என்றாள். "முதல்ல உடம்பைப் பாரு" என்றேன். அவள் அம்மா சுவரோடு ஒட்டி நின்றார், நான் வந்ததே பெரிய காரியம் என்பது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். சுப்புத்தாய் என்று பெயர், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிற வேலை, விரல் நுனி எல்லாம் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். அடக்கத்துக்கு நான் போகவில்லை. கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வந்திருந்த நாள். துறையின் சார்பில் மாலை அனுப்பினோம். இன்றைக்கு அந்த அம்மா வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்ன கேட்பார்? எம்புள்ள நல்லாப் படிச்சாளா என்று கேட்பார். பெற்றவர்கள் வேறென்ன கேட்பார்கள். நன்றாகப் படித்தாள் என்று சொல்லலாம். மெதுவாகப் படித்தாள் என்பதை விட்டுவிடலாம்.

இரண்டாவது பெட்டியில் பாதிக்குக் கீழே என் பெயர் இருந்தது. என் பேப்பர். பதினாலு வருடத்துக்கு முன்பு வந்தது, தண்ணீரில் செம்பு கலந்தால் பால்கெண்டைக் குஞ்சுகள் என்ன ஆகும் என்பதைப் பற்றியது, அறுபத்தோரு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், என் பெயர் வெளியே தெரிகிறது என்றால் அது அந்தப் பேப்பரால்தான். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிள்ளை என்னுடையதையும் படித்திருக்கிறாளே என்று. சுருக்கத்தின் ஓரத்தில் "மேடத்தின் ஆங்கிலம் எவ்வளவு தெளிவு!" என்று இருந்தது. சிரித்தேன். புரட்டினேன். இரண்டாம் அட்டவணை. டிக் இல்லை. "கூட்டிப் பார்த்தேன், 58." அதன் கீழே, "மறுபடி கூட்டினேன், 58. செய்முறையில் ஐந்து தொட்டி, தொட்டிக்கு 12 என்று இருக்கிறது. 60 வர வேண்டும். இரண்டு மீன் குறைகிறது." அதற்குக் கீழே, "மேடத்திடம் கேட்க வேண்டும்", ஆகஸ்ட் 9 என்று தேதி. அந்த வரியை ஒரே கோடாக அடித்திருந்தாள். அடித்ததற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில், "நான்தான் எங்கோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன்." நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, கதவைப் பார்த்தேன். பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அழவில்லை, அவளை நினைக்கவில்லை, கதவைத்தான் பார்த்தேன். பதினாலு வருடம் கழித்து யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டது போல இருந்தது.

ரெண்டு மீன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல், கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, காற்றுக் குழாய் மோட்டார் நின்றுபோயிருந்தது, நான் மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக லேபுக்கு வந்தேன், அட்டெண்டர் சூசைமாணிக்கம் வாசலிலேயே நின்றார். "மேடம், ஒண்ணாம் தொட்டில ரெண்டு மிதக்குது." மற்ற தொட்டிகளில் மிதந்திருந்தால் கவலையே இல்லை, அவற்றில் செம்பு இருக்கிறது, சாகத்தான் செய்யும். ஒண்ணாம் தொட்டியில் வெறும் கடல் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த தொட்டி, அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், பன்னிரண்டில் இரண்டு என்றால் செல்லாது. குஞ்சு பிடிக்கும் பருவம் முடிந்துவிட்டது. வேலைக்கான நேர்முகம் நாலு மாதத்தில். அப்பா அப்போதுதான் படுத்த படுக்கையாகியிருந்தார். "என்ன மேடம் செய்ய?" என்றார் சூசைமாணிக்கம். எடுத்துப் போட்டுருங்க என்றேன். அவர் எடுத்துப் போட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஓய்வு பெறும்வரை கேட்கவில்லை. எழுதும்போது அட்டவணையில் பன்னிரண்டு உயிரோடு என்று போடக் கை வரவில்லை. இல்லாத மீனை இருக்கிறது என்று எப்படி எழுதுவது, அது பொய். அதனால் உயிரோடு பத்து, செத்தது பூஜ்யம் என்று எழுதினேன். செய்முறையில் பன்னிரண்டை மாற்றவில்லை. என்ன ஒரு நேர்மை. அதை நேர்மை என்றே நினைத்திருந்தேன். கண் இருப்பவன் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன் போலும். முதல் வருடம் முழுக்கக் காத்திருந்தேன். மதிப்பீட்டாளர் இருவர் படித்தார்கள், காற்புள்ளியைத் திருத்தச் சொன்னார்கள். கருத்தரங்கில் கேள்வி நேரம் வந்தாலே குறிப்பேட்டைத் திறந்து குனிந்துகொள்வேன், எழுந்தவர்கள் வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தார்கள். மேற்கோள் காட்டினார்கள், பத்து, இருபது, அறுபத்தொன்று. யாரும் கூட்டவில்லை. யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரிந்ததே அப்படித்தான். அப்புறம்தானே பயிலரங்கு, அப்புறம்தானே பத்து நிமிடம், செய்முறையில் கால் வைக்காதே, அது சேறு. ஐயோ. எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தவா சொன்னேன், இல்லை அந்த ரெண்டு மீனை யாரும் பார்த்துவிடாமல் இருக்கச் சொன்னேனா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நேரம் மிச்சமாகிறதுதானே, அதுவும் உண்மைதானே. ஆனால் சேறு என்ற வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது.

மணி மூன்றே கால். மூன்றரை. மேசை இழுப்பறையில் ரப்பர் இருக்கிறது, பென்சில் எழுத்து, ஒரு தேய்ப்பில் போய்விடும். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும். இன்னும் நூற்று முப்பத்தொன்பது பேப்பர் இருக்கிறது அவருக்கு, பிள்ளையின் எழுத்து நிறைய இருக்கிறது, இந்த நாலு வரி இல்லாவிட்டால் என்ன. இந்தப் பேப்பரையே எடுத்து உள்ளே வைத்துவிட்டாலும் போதும். ரப்பரை எடுத்தும்விட்டேன். ஆகஸ்ட் 9. அன்றைக்கு என்ன கிழமை? அவள் வந்து அந்தக் கதவருகே நின்றது அன்றைக்குத்தானா? ஆய்வுக் குழுவுக்கான கோப்புகள் தரையெல்லாம் பரப்பிக் கிடந்தன, நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன், "மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்று குரல் வந்தது. "என்னம்மா?" "உங்க பேப்பர்ல, செம்பு பேப்பர்ல மேடம்..." நான் முடிக்க விடவில்லை. "அதையா இன்னும் படிச்சிட்டிருக்க? சுருக்கத்தைப் பாரு, முடிவைப் பாரு, அடுத்ததுக்குப் போ. எழுத்துக்கூட்டிப் படிச்சா முப்பது வயசானாலும் நீ முடிக்கமாட்ட." சொன்னேன். சரியாக அந்த வார்த்தைகளை. அவள் கையில் தாள் இருந்தது, சுருட்டிப் பிடித்திருந்தாள். "சரி மேடம்" என்றாள். போனாள். போய் உட்கார்ந்து அந்தக் கோட்டை இழுத்திருக்கிறாள். பிறகு அந்தக் கடைசி வரி. என்னைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை, அப்படி நினைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். இரண்டு முறை கூட்டி, சரியாகக் கூட்டி, தனக்குத்தான் கூட்டத் தெரியவில்லை என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு மாதம்கூட உயிரோடு இல்லை. ரப்பர் விரலுக்குள் சூடாகிவிட்டது. கதவை யாரோ தட்டினார்கள்.

"டீச்சர், இருக்கீகளா?" என்று சுப்புத்தாய் எட்டிப் பார்த்தார். நாலாகவில்லை, முன்னாலேயே வந்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க" என்றேன், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், நான் பேசுவது எனக்கே எங்கேயோ கேட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்தார். "இம்புட்டா?" என்றார். "இம்புட்டும் படிச்சாளா?" "எல்லாம் படிச்சா. ஒரு எழுத்து விடாம படிச்சா." "அவ அப்படித்தான் டீச்சர். ஆஸ்பத்திரில கிடக்கும்போது மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சி வச்சிருக்குமே ஒரு தாளு, பொடி எழுத்தா, அத விரிச்சி வச்சிக்கிட்டுக் கிடந்தா. கண்ணு வலிக்கும்டி, வையின்னேன். என்னதான் போட்டுருக்குன்னு பாக்கேன்மான்னா." பெட்டியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்து, ஓரத்து எழுத்தை விரலால் தடவினார். உதடு அசைந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தார், இன்னொன்றை எடுத்தார். நான் அப்போதே அந்தப் பேப்பரை மடிமேல் எடுத்து வைத்திருக்கலாம். மேசைமேல்தான் திறந்தபடி கிடந்தது, பக்கத்தில் ரப்பர். அவர் கை நேராக அதற்குத்தான் வந்தது. படித்தார். வெகுநேரம் படித்தார். ஆவுடையும் இப்படித்தான் படித்திருப்பாள். "மே, ட, த்தி, டம். டீச்சர், உங்ககிட்ட என்னமோ கேக்கணும்னு எழுதியிருக்கா. பெறகு அடிச்சிருக்கா. கேட்டாளா?"

கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம், கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம், இரண்டுக்குமே பாதி உண்மை இருந்தது, எனக்குப் பாதி உண்மை சொல்லிப் பழக்கம். "கேக்க வந்தாம்மா" என்றேன். "நான்தான் கேக்கவிடல. வேலையா இருந்தேன், சத்தம் போட்டு அனுப்பிட்டேன்." அவர் விரல் அடித்த கோட்டின் மேலேயே இருந்தது. மேலே சொன்னேன். "இது நான் எழுதுனது. பல வருஷத்துக்கு முன்னால. இதுல நான் ஒரு தப்பு செஞ்சிருக்கேன். தெரிஞ்சே செஞ்சேன். செத்துப்போன மீன் ரெண்டைக் கணக்குல சேக்காம மறைச்சிட்டேன். உலகத்துல எத்தனையோ பேரு இதைப் படிச்சாங்க, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. உங்க மக கண்டுபிடிச்சிட்டா." மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தாள்களின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. "அப்ப இந்தக் கடைசில, நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்னு எழுதியிருக்காளே?" "அது இல்லம்மா. அவ சரியாத்தான் புரிஞ்சிக்கிட்டா." "அவ சரின்னு அவகிட்ட சொன்னீகளா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அழுகை அப்போதுதான் வந்தது, ஒரு மாதம் கழித்து, அதுவும் அழக் கூடாத ஆள் முன்னால். அவர் எழுந்து வந்து தேற்றவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் பக்கம் நகர்த்தினார். "அவ எழுதுனதுக்குக் கீழ நீங்க எழுதிக் குடுங்க டீச்சர். நீங்களே எழுதுங்க. பென்சில் வேண்டாம், பேனாவால எழுதுங்க."

எழுதினேன். "ஆவுடைச்செல்வி கூட்டியதுதான் சரி. தப்பு என்னுடையது." பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். அவர் வாங்கி மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார், இரண்டாம் முறையும் வாசித்தார், மை காயட்டும் என்று ஊதினார். அதை மட்டும் பெட்டியில் போடாமல் பைக்குள் சேலை மடிப்புக்கு நடுவே வைத்துக்கொண்டார். படம் பிடித்துக்கொள்ளட்டுமா, எனக்கு இது தேவைப்படும் என்றேன், மறுபடி எடுத்து விரித்துப் பிடித்தார். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினோம். ஏறப் போனவர் நின்றார். "இனிமே அதைத் திருத்திருவீகளா?" "திருத்திருவேன்மா." "உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்னிடம் அதைக் கேட்டார். "தெரியலம்மா" என்றேன். வண்டி போய்விட்டது. மேலே வந்து கணினியைத் திறந்தேன், ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன். விளக்கங்கள் வரிசையாக வந்தன, கரண்ட் போனது, பருவம் முடிந்தது, அப்பா, எல்லாவற்றையும் எழுதினேன், எல்லாவற்றையும் அழித்தேன். ஆறு மணிவாக்கில் இரண்டு வாக்கியம் மட்டும் நின்றது. என் கட்டுரையின் இரண்டாம் அட்டவணை தவறு, அது தவறு என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். இதைக் கண்டுபிடித்தவர் என் மாணவி சு. ஆவுடைச்செல்வி, அவர் இப்போது உயிரோடு இல்லை.